சாப்பாட்டு மணிகளுக்கு நடுவே கிடக்கும் பொழுது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், புதிதாகத் திறக்கப்பட்ட முதியோர் இல்லம் ஒன்றைப் பற்றிய செய்தி படத்துடன் வெளியாகியிருந்தது. எத்தனை அறைகள், எத்தனை கட்டில்கள், சுத்திகரிக்கப்பட்ட குடிநீர், சாய்தளப் பாதை, வாரம் இருமுறை வந்துபோகும் மருத்துவர் என எல்லா விவரங்களும் அதில் இருந்தன. அந்தக் கட்டில்களிலிருந்து எழுந்து வருகிறவர்கள் காலைச் சிற்றுண்டிக்கும் மதிய உணவுக்கும் நடுவில் என்ன செய்வார்கள் என்பது மட்டும் இல்லை. செய்தியாளரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. இல்லத்தை நடத்துகிறவர்களும், நன்கொடை தருகிறவர்களும், பெற்றோரைக் கொண்டுவந்து சேர்க்கிற பிள்ளைகளும், ஆய்வுக்கு வருகிற அலுவலர்களும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. முதல் ஓராண்டு நானும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டே இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். சற்று நீண்ட கடிதம். பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

நான் 34 ஆண்டுகள் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என்னை வளர்த்தவர் என் அத்தை, அப்பாவின் உடன்பிறந்த அக்கா. பிள்ளை இல்லாத அவர், தாயில்லாத என்னைத் தன் மகளாகவே பார்த்துக்கொண்டார். இப்போது அவருக்கு வயது 84. இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்த பிறகு, மாடிப்படி ஏறித்தான் ஆக வேண்டும் என்கிற என் வாடகை வீட்டில் அவரை வைத்துக்கொள்ள முடியாமல், திருச்சிராப்பள்ளியின் புறநகரில் உள்ள ஓர் இல்லத்தில் சேர்த்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாரம் இருமுறை தவறாமல் போகிறேன். சாப்பாடு வயதானவர்களுக்கு ஏற்ற பக்குவத்தில் இருக்கிறது. மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுக்கிறார்கள். படுக்கை விரிப்பும் துணிமணியும் சுத்தமாக இருக்கின்றன. பராமரிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்த குறை வேறு.

காலை ஐந்தரைக்குக் காபி, எட்டுக்கு டிபன், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, நான்குக்கு டீ, ஏழுக்கு இரவு உணவு, எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒரு நாளில் நடப்பது அவ்வளவுதான். இவற்றைத் தவிர்த்துப் பார்த்தால், விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பதினொரு மணி நேரம் செய்வதற்கு எதுவுமில்லாமல் கிடக்கிறது. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே கூடத்து வாசலில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் நான் பசி என்று நினைத்தேன். ஒரு நாள் அத்தையிடமே கேட்டேன். "பசியெல்லாம் இல்ல கண்ணு. அடுத்தாப்புல நடக்கப்போறது அது ஒண்ணுதான, அதான் வந்து உக்காந்துக்கறோம்" என்றார். அன்று வீடு திரும்பிய பேருந்தில் எனக்கு வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

"டிவி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. கூடத்துச் சுவரில், நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்கு வசதியான உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். உட்கார்ந்து பார்க்கிறவர்கள் கழுத்தை அண்ணாந்துகொண்டே இருக்க வேண்டும். ரிமோட் அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கும். நாற்பது பேரில் பாதிப் பேருக்குக் காது மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டிய சத்தம் காதுக்கருவி போட்டிருப்பவர்களின் தலைக்குள் இரைச்சலாக விழுகிறது. அவர்கள் கருவியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. நான் எண்ணிப் பார்த்த ஒரு மாலையில் டிவிக்கு முன் உட்கார்ந்திருந்த பதினேழு பேரில் ஒன்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மூன்று பேர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்குப் பெயர் பொழுதுபோக்கு என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது.

இன்னொரு வகைப் பொழுதுபோக்கு வெளியிலிருந்து வருவது. பிறந்தநாள், திருமண நாள், அக்டோபர் 1 உலக முதியோர் நாள், தீபாவளி, பொங்கல் ஆகிய நாட்களில் அன்பர்கள் வருகிறார்கள். அவர்களுடைய நல்ல மனதை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் தரும் உணவிலும் போர்வையிலும்தான் பல இல்லங்கள் நடக்கின்றன. ஆனால் கடந்த ஆண்டு நான் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். பொங்கல் வாரத்தில் ஐந்து குழுவினர் வந்தார்கள். ஒரே நாளில் இரண்டு முறை சர்க்கரைப் பொங்கல், அதுவும் பாதிப் பேர் நீரிழிவு நோயாளிகளாக இருக்கும் இடத்தில். அதன் பின் பிப்ரவரி மாதம் முழுவதும் இரண்டே குழுக்கள். வருகிறவர்கள் மைக் வைத்துப் பாடுகிறார்கள், பிள்ளைகளை ஆடவைக்கிறார்கள், தட்டைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரமும் முதியவர்களுக்கு உரிய வேலை கை தட்டுவது மட்டுமே. "உங்களுக்குப் பாடத் தெரியுமா, பாட்டி?" என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இருபது ஆண்டுகள் கோயிலில் தேவாரம் பாடியவர், இன்னொருவர் கிராமத்துக் கும்மிக்குத் தலைமை தாங்கிப் பாடியவர் என்பது எனக்கே பின்னர்தான் தெரிந்தது.

என் அத்தைக்கு இருந்த மாற்றத்தைச் சொன்னால்தான் நான் எதைக் கேட்கிறேன் என்பது விளங்கும். இல்லத்துக்குப் போன முதல் ஆண்டின் முடிவில் அவர் பேச்சை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். கேட்ட கேள்விக்கு "ம்" என்பார், அவ்வளவுதான். மருத்துவர் பார்த்தார், மாத்திரையை மாற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த மரப் பல்லாங்குழியை, அவருடையது என்பதால் மட்டும், எடுத்துக்கொண்டு போனேன். மீன் வடிவத்தில் மடித்து மூடுகிற பழைய பலகை. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். ஒரு டப்பாவில் புளியங்கொட்டை. தரையில் உட்கார முடியாதவர் என்பதால் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தேன். குழிக்கு ஐந்தாக நான் போட்டு முடிக்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய வலது கை தானாக எழுந்து ஒரு குழியை வழித்தெடுத்தது. நடுங்குகிற கை, ஆனால் கட்டை விரலால் ஒவ்வொரு கொட்டையாகத் தள்ளிவிடும் அந்த லாவகம் அப்படியே இருந்தது. ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு!" என்று கூவினார். பல வாரங்களுக்குப் பிறகு நான் கேட்ட அவருடைய உரத்த குரல் அது.

அந்தச் சத்தத்துக்கு அக்கம் பக்கத்து நாற்காலிகளிலிருந்து நான்கு பேர் எழுந்து வந்தார்கள். அவர்களில் ஒருவர் மறதி நோய் முற்றியவர், தன்னைப் பார்க்க வரும் மகனை "நீங்க யாரு, எந்த ஊரு?" என்று கேட்பவர். அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெறுங்குழி வந்த இடத்தில் நான் துடைத்து எடுக்காமல் விட்டதைப் பிடித்துவிட்டார். "டீச்சர், அடுத்த குழி உங்களுது, எடுங்க" என்றார். அன்று நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் அவர் ஒரு கணக்கையும் தவறவிடவில்லை. பெயர்களையும் நேற்றைய நிகழ்வுகளையும் அழிக்கிற அந்த நோய், கை பழகிய செயல்களையும் இளமையில் பாடிய பாட்டுகளையும் நெடுநாள் விட்டுவைக்கிறது என்று மருத்துவர்கள் சொல்வார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. தாயக் கட்டத்தைத் தரையில் வரைந்தால் குனிய முடியாது என்பதால் பழைய வேட்டித் துணியில் கெட்டியாகக் கோடு போட்டு மேசைமேல் விரித்தோம். விரல் மூட்டு வீங்கியவர்களால் கேரம் காயைச் சுண்ட முடியாது. பித்தளைத் தாயக்கட்டையை இரு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிப் போட முடியும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதால் முதல் அரை மணி நேரம் சத்தம் கூடத்தைத் தாண்டிக் கேட்கும். ஆண்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் "என்ன இரைச்சல்" என்று கேட்கத்தான் வந்தார்கள். மறுவாரம் அவர்களே ஆடு புலி ஆட்டத்துக்குப் பலகை கேட்டார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. காய்க்கு வேப்பங்கொட்டையும் சின்னக் கூழாங்கல்லும். வெள்ளிக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்திலிருந்து அரைக்கிலோ மல்லிகை மொட்டும் வாழைநாரும் வாங்கிக்கொண்டு போகிறேன். ஊசி வேண்டாம், கத்தரி வேண்டாம், யாருக்கும் கற்றுக்கொடுக்கவும் வேண்டாம். கண்புரை மறைக்கும் கண்களோடு, தொட்டுப் பார்த்தே கட்டுகிறார்கள். கட்டிய சரம் இல்லத்துப் பூஜை அலமாரிக்கும், சமையல்காரப் பெண்ணின் தலைக்கும், ஒரு முழம் எனக்கும் வரும். இவை எல்லாவற்றுக்குமாக நான் பொருட்களுக்குச் செலவழித்தது இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான். பூவுக்கு வாரச் செலவு தனி.

இதைச் செய்யும்போதுதான் சின்னச் சின்ன இடையூறுகள் கண்ணில் பட்டன. யாரேனும் இதைத் தொடங்க நினைத்தால் உதவும் என்பதால் சொல்கிறேன். பலர் கூடத்துக்கு வர மறுப்பதற்குக் காரணம் விருப்பமின்மை அல்ல. நடுவில் கழிவறைக்குப் போக நேர்ந்தால் என்ன செய்வது என்கிற கூச்சம். கழிவறைக்கு அருகில் உள்ள அறைக்கு மேசையை மாற்றியதும் மூன்று பேர் புதிதாக வந்தார்கள். கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர்களால் பிடிமானம் இல்லாமல் எழ முடியாது. மறதி நோயுள்ள சிலர் புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். ஆகவே ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட வேண்டும். மதிய உணவுக்குப் பிறகு எதுவும் நடக்காது. காலை பத்து மணியும் மாலை நாலரையும்தான் ஏற்ற நேரம்.

ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெண்களுக்காவது பூவும் காய்கறி ஆய்வதும் உண்டு. அலுவலகமும் பட்டறையுமே வாழ்க்கையாக இருந்த ஆண்களுக்கு ஓய்வு என்பது வெறும் வெட்டவெளி. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அந்த இல்லத்தில் இருக்கிறார். வாசல் கேட்டின் கீல் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்ததைப் பொறுக்க முடியாமல், ஒரு நாள் காலையில் சமையலறையிலிருந்து எண்ணெயும் ஒரு பழைய ஸ்பேனரும் வாங்கி அதைச் சரிசெய்தார். பாராட்டுக்குப் பதிலாக, விழுந்து அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று நிர்வாகத்தினர் கடிந்துகொண்டார்கள். அவர்களுடைய பயமும் பொய்யல்ல. ஓர் எலும்பு முறிவுக்கு உறவினர்களிடம் அவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் விழுந்துவிடுவார் என்று உட்காரவைக்கப்படுகிறவரின் கால் தசை நாளுக்கு நாள் வலுவிழந்து, கடைசியில் கழிவறைக்குப் போகும் வழியிலேயே விழுகிறார். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் குறைந்தது மூன்று நாட்களாவது உடலின் சமநிலையையும் வலுவையும் பேணும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நாற்காலியில் அமர்ந்தபடி காலை நீட்டி மடக்குவதும், மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவதும்கூட அதில் ஒரு தொடக்கம்தான். இப்போது அந்தப் பெரியவரிடம் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் சுவர்க் கடிகாரங்களுக்கு மின்கலம் மாற்றும் பொறுப்பையும் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு முகம் மழித்து, சட்டை மாட்டிக்கொண்டு வருகிறார்.

செடி என்றதும் ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்கிற இரண்டு உளவியலாளர்கள் 1976-இல் வெளியிட்டது அது. ஒரு முதியோர் இல்லத்தின் ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையையும் நேரத்தையும் எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கவும், எந்த நாளில் திரைப்படம் பார்ப்பது என்று முடிவு செய்யவும் விட்டார்கள். இன்னொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுவதைச் செவிலியர் பார்த்துக்கொள்வார்கள் என்றும், படத்தின் நாள் இதுவென்றும் அவர்களே சொல்லிவிட்டார்கள். மூன்று வாரங்களில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள் என்று அந்த ஆய்வு பதிவு செய்தது. இரண்டு தளத்துக்கும் கிடைத்தது ஒரே செடி, ஒரே படம்தான். தானே முடிவு செய்வதும் தன்னை நம்பி ஓர் உயிர் இருப்பதும்தான் அங்கே இருந்த வேறுபாடு. நம் இல்லங்களில் பொழுதுபோக்கு என்ற பெயரில் நடப்பவை பெரும்பாலும் இரண்டாவது தளத்து முறை.

அதனால்தான், எதைச் செய்வது என்பதை முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். வயதானவர்கள் எல்லோருக்கும் பஜனையும் பக்திச் சொற்பொழிவுமே போதும் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அத்தை இருக்கும் இல்லத்தில் நான்கு கிறிஸ்தவர்களும் இரண்டு இஸ்லாமியர்களும் இருக்கிறார்கள். கோயிலுக்கே போகாத பழைய தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரும் இருக்கிறார். பஜனை நடக்கும் ஒவ்வொரு வெள்ளியும் அவர்கள் அறைக்குள் போய்விட வேண்டியிருக்கிறது. டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடிய பழைய திரைப்பாடல்களை ஒரு மாலை போட்டபோது, அறைக்குள் போயிருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். "எனக்கு இன்னிக்கு ஒண்ணும் வேணாம், சும்மா உக்காந்திருக்கேன்" என்று சொல்கிறவரையும் விட்டுவிட வேண்டும். கையைப் பிடித்து இழுத்துவந்து கும்மி அடிக்கச் செய்வது அன்பு ஆகாது.

எழுந்து வர இயலாமல் படுக்கையிலேயே இருப்பவர்களை எந்த நிகழ்ச்சியும் எட்டுவதில்லை என்பது இதில் மிகவும் வேதனையான பகுதி. அவர்களுக்கு அருகில் ஒரு சிறிய வானொலிப் பெட்டி, ஒருவர் உட்கார்ந்து பத்து நிமிடம் செய்தித்தாள் படித்துக் காட்டுவது, பேரனுக்கு அவர் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பது என்பவை போதும். பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்த ஓர் அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தில், தன் வீட்டு முருங்கை மரத்தை வெட்டிவிட்டார்களா என்று விசாரிக்கும் வரி மூன்று இடத்தில் வந்தது. மூன்று இடத்திலும் எழுதினேன்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 என்பது பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கும் சட்டமாகவே நம்மிடையே அறியப்பட்டிருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவு, மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று எனத் தொடங்கி, வறிய மூத்த குடிமக்கள் குறைந்தது 150 பேர் தங்கும் வகையில் மாநில அரசுகள் இல்லங்களை அமைக்கலாம் என்கிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அந்த இல்லங்கள் அளிக்க வேண்டிய சேவைகளையும் தரநிலைகளையும் வகுப்பது பற்றிக் கூறும்போது, மருத்துவக் கவனிப்பையும் பொழுதுபோக்கு வசதிகளையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. சட்டத்தை எழுதியவர்களுக்கு அது பிறகு பார்த்துக்கொள்ளும் ஆடம்பரமாகத் தோன்றவில்லை. நடைமுறையில் மருந்துக்குப் பதிவேடு இருக்கிறது, மருத்துவர் வருகைக்குக் கையொப்பம் இருக்கிறது. மற்றதற்கு ஒரு டிவி இருந்தால் போதும் என்றாகிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் மேல், ஏறக்குறைய 75 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்கிற குடும்பங்கள் பெருகப் பெருக, இல்லங்களின் எண்ணிக்கையும் பெருகிக்கொண்டுதான் இருக்கும். கட்டணம் வாங்கும் வசதியான இல்லங்களிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. அங்கே டிவி பெரியதாக இருக்கிறது, உடற்பயிற்சிக் கருவிகளின்மேல் உறை போட்டிருக்கிறார்கள்.

இல்லத்துப் பணியாளர்களை இதற்குப் பொறுப்பாக்குவது நியாயம் இல்லை. நாற்பது பேருக்குப் பகலில் இரண்டு ஆயாக்கள். குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டிவிட்டு, மறுபடி துணி மாற்றுவதற்குள் அவர்களுக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது. அவர்களைப் போய்ப் பல்லாங்குழி ஆடச் சொல்ல முடியாது. இதற்கென்றே ஒருவர் வேண்டும். அமெரிக்காவில் 1987-இல் வந்த சட்டத்தின்படி, அரசுக் காப்பீட்டு நிதியைப் பெறும் முதியோர் மருத்துவ இல்லங்கள், தகுதி பெற்ற ஒருவரின் பொறுப்பில் தொடர்ச்சியான செயல்பாட்டுத் திட்டத்தை நடத்தியே ஆக வேண்டும். நம் ஊரில் அதற்குப் பட்டம் படித்தவரைத் தேட வேண்டியதில்லை. அருகில் உள்ள மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து பொறுமையும் பேச்சுத் துணைக்கு ஏற்ற குணமும் உள்ள ஒரு பெண்ணை, காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று வேலைக்கு அமர்த்தலாம். என் மதிப்பில் மாதம் எட்டாயிரம் ரூபாய் ஊதியம் கொடுத்தால் ஆள் கிடைப்பார். பிறந்தநாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடும் நன்கொடையாளர்களில் சிலர் சேர்ந்தாலே ஓராண்டு ஊதியத்துக்கு வழி பிறந்துவிடும். விருந்துக்குக் கொடுப்பதை இந்த ஊதியத்துக்குக் கொடுங்கள் என்று நன்கொடையாளர்களிடம் இல்லத்தினர் துணிந்து கேட்க வேண்டும்; கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். ஆய்வுக்கு வரும் சமூக நலத் துறை அலுவலர்கள், மருந்துப் பதிவேட்டைப் போலவே, கடந்த மாதம் எந்தெந்த நாளில் என்ன நடந்தது, யார் யார் கலந்துகொண்டார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்கு என்ன செய்யப்பட்டது என்ற பதிவேட்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அதோடு நிற்காமல், இரண்டு முதியவர்களிடமாவது தனியாக உட்கார்ந்து, "நேத்து என்ன பண்ணீங்க?" என்று கேட்க வேண்டும்.

இளையவர்களின் நேரமும் நம்மிடம் இருக்கிறது. அது சிதறிக் கிடக்கிறது. கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். நூறு பேர் ஒரே நாளில் பதாகையோடு வந்து போவதைவிட, நான்கே பேர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, அதே நான்கு முதியவர்களோடு ஓராண்டு பழகினால் அந்த மணி நேரங்கள் இரு பக்கத்துக்கும் பொருளுள்ளவையாக இருக்கும். நெதர்லாந்தின் தேவென்டர் நகரில் ஹியூமானிடாஸ் என்கிற முதியோர் இல்லம், மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டாராக இருப்பதற்கு ஈடாகக் கல்லூரி மாணவர்களை வாடகையின்றித் தங்கவைக்கிறது. நமக்கு இது புதிய எண்ணமும் அல்ல. ஆதரவற்ற முதியோரையும் குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் தங்கவைக்கும் ஒருங்கிணைந்த இல்லங்களைத் தமிழ்நாட்டிலேயே அமைத்திருக்கிறோம். நூலகத்துக்கு வர இயலாதவர்களின் இருப்பிடத்துக்கே தன்னார்வலர்கள் வழியாகப் புத்தகங்களைக் கொண்டுபோகும் நூலக நண்பர்கள் திட்டமும் நம் பொது நூலகத் துறையில் இருக்கிறது. அத்தை இருக்கும் இல்லத்தில் அப்படியொரு திட்டத்தைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு கிளை நூலகரும் தன் எல்லைக்குள் உள்ள இல்லங்களுக்கு ஒருமுறை நேரில் போய்ச் சொன்னால் போதும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இல்லத்துக்கு வருவது ஒரே ஒரு பிரதி நாளிதழ். அதைத் தாள் தாளாகப் பிரித்து ஐந்தாறு பேர் மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்துப் போட்டிக்கு அங்கே ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. முன்பு தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் குறிப்பை வாசிப்பார். தேவாரம் பாடும் அம்மா பெரும்பாலும் முதலில் விடை சொல்வார். சரியா என்று எழுத்து எண்ணிப் பார்ப்பது என் அத்தையின் வேலை. ஆனால் கட்டங்களும் குறிப்புகளும் அச்சாகியிருக்கும் அளவு அவர்களில் யாருடைய கண்ணுக்கும் எட்டுவதாக இல்லை. ஆகவே சனிக்கிழமை இரவு முந்தைய வாரத்துக் கட்டத்தை ஒரு சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக வரைந்து எடுத்துக்கொண்டு போகிறேன். அவர்கள் ஒரு வாரம் பிந்தியே விடை கண்டுபிடிக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது அந்தப் போட்டியை அரைப்பக்க அளவில், பெரிய எழுத்தில் வெளியிட இயலுமா? விடைகளை அஞ்சலட்டையில் அனுப்புவதற்கான கடைசி நாளையும் இரண்டு நாள் தள்ளிவைத்தால் நல்லது. இல்லத்திலிருந்து அஞ்சல் பெட்டி வரை போகும் பொறுப்பை ஏற்றிருப்பவர் அந்த ஃபிட்டர் பெரியவர்தான். கைத்தடியோடு மெதுவாக நடக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஸ்ரீரங்கம்.